இரேனியோ கொண்டுவந்த போர்டு

மின்னல் இறங்கியது ஜனவரி மாசம், மதியம் மூன்று மணி இருக்கும். நான் கடை வாசலில் குத்தவைத்து ஒரு மினிபஸ் சக்கரத்திலிருந்து டயரை நெம்பிக்கொண்டிருந்தேன். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. கையில் இருந்த நெம்புகோல் துள்ளி விழுந்தது. தெருக்கம்பத்திலிருந்து வீட்டுக்குள் போகிற ஒயரில் நீலமாக ஏதோ ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். உள்ளே காலையிலிருந்து கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த எம்பிராய்டரி எந்திரம் நின்றுபோனது.

அந்த வீட்டின் தெருப்பக்கத்து அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். பஞ்சர் கடையும் அதுதான், படுக்கையும் அதுதான். சுரங்கத்தை மூடி எங்களை அனுப்பிவிட்ட பிறகு, லா பாஸ் நகரத்துக்கு மேலே மேட்டில் இருக்கிற எல் ஆல்ட்டோவுக்கு வந்தவன் நான். அங்கே வில்யா கொல்பானி என்கிற பேட்டையில் அந்த வீட்டில் மட்டும் ஒன்பது வருஷம் இருந்தேன். வீட்டுக்காரன் செனோன், மினிபஸ் ஓட்டுகிறவன். எங்கள் வட்டாரத்துக்குக் காவல் செயலாளரும் அவன்தான். கழுத்தில் விசில் தொங்கும். திருடன் வந்தால் விசில் ஊதி ஆளைக் கூட்டுவது அவன் பொறுப்பு.

அவன் பெண்டாட்டி தொமாசா. ஊர்வலத்தில் ஆடுகிறவர்களின் மேலங்கி, இடுப்புக்கச்சை, கொடி எல்லாவற்றிலும் பாம்பும் கழுகும் நெருப்பு கக்குகிற பிராணிகளும் அவளுடைய எந்திரத்தில் இருந்துதான் வரும். அந்த எந்திரத்துக்கு எந்த ஊசி, எந்த நிறம், எங்கே குத்து என்று சொல்வது பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர். வெயில் பட்டு மஞ்சளான பெட்டி. ஜூலைத் திருவிழாவுக்கு ஒரு ஆட்டக் குழுவின் அறுபது பேருக்கான உடுப்பு அவள் கையில் இருந்தது. அப்போதுதான் மின்னல்.

செனோன் சாயங்காலம் வந்தான். என் அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். எல்லாம் கேட்கும்.

"பிளக்கைப் பிடுங்கி வைன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்?"

"மழையே இன்னும் வரல. வெயிலடிச்சுட்டு இருக்கும்போதே விழுந்துச்சு."

"வெயில்ல மின்னல் விழுமா? யாருகிட்டடி கதை சொல்ற?"

அறைந்த சத்தம் கேட்டது. பிறகு பெட்டியை உதைத்த சத்தம். நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஒன்பது வருஷமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

வியாழனும் ஞாயிறும் சந்தை. பழைய காரிலிருந்து பழைய கட்டில் வரை விற்கிற அந்தச் சந்தையில் கம்ப்யூட்டர் உறுப்புகளுக்கு என்று ஒரு நீளத் தெரு உண்டு. நீலத் தார்ப்பாயை விரித்து, பச்சைப் போர்டுகளைச் சுடுகாட்டு எலும்பு மாதிரி குவித்து வைத்திருப்பார்கள். தொமாசா முதல் வாரமே போய், கையில் கிடைத்ததை வாங்கி வந்துவிட்டாள். விற்றவன் "எல்லாத்துக்கும் ஆகும்" என்று சொன்னானாம். வீட்டில் வைத்துப் பார்த்தால் எதுவும் எதிலும் போகவில்லை. அதற்கும் செனோனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, பெட்டியையே தூக்கிட்டுப் போயிரலாம். நீங்க ஒரு கை பிடிச்சா போதும்." இடது கண்ணுக்குக் கீழே பச்சை நிறம் இன்னும் போகவில்லை. தொப்பியைத் தாழ்த்தி வைத்திருந்தாள்.

அன்றைக்குத்தான் இரேனியோவைப் பார்த்தோம். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. அவன் மட்டும் போர்டுகளைக் குவிக்கவில்லை. ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, புத்தகம் அடுக்குகிற மாதிரி நிறுத்தி வைத்திருந்தான். காற்று புழுதியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் பெட்டியை இறக்கியதும் சிரித்தான்.

"என்னக்கா, ஆட்டுக்குட்டிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தாப்ல வர்றீங்க."

"பேச்சை விடு. பிழைக்குமான்னு பாரு."

அவன் திறந்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, தன்னிடமிருந்த இன்னொரு போர்டில் மாட்டி மாட்டிப் பார்த்தான். அரைமணி நேரம் ஆனது. பிறகு சொன்னான்: "பிராசஸர் நல்லாருக்கு. ராம், இந்த மெமரிக் குச்சி, நல்லாருக்கு. ஹார்ட் டிஸ்க்கும் ஓடுது, உன் படமெல்லாம் அதுலதான இருக்கு, பத்திரமா இருக்கு. செத்தது மதர்போர்டு மட்டுந்தான்."

"அப்ப ஒரு மதர்போர்டு குடு."

"குடுக்கலாம். உனக்கு ஆகணுமே. பின்னாடி இந்த ரெண்டு வாயைப் பாத்தியா? ஒண்ணுல என்ன மாட்டுவ?"

"எந்திரத்துக்குப் போற கேபிள். இந்த அகலமான வாயில பூட்டுன்னு ஒரு சின்னப் பிளக். அது இல்லாம புரோகிராம் திறக்காது."

"அந்தக் கதைதான். புதுசு எதுலயும் இந்த ரெண்டு வாயும் சேந்து வராது. தனியா அட்டை போட்டு வாய் வைக்கலாம். ஆனா பழைய பூட்டு அதை ஒத்துக்காது, நான் போட்டுப் பாத்தவன்." அவள் முதலில் வாங்கிய போர்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "இதை யாரு வித்தது? கண்ணு தெரியாதவனா? இந்தா, உன் ராமைப் பாரு. அடியில ஒரு வெட்டு இருக்கில்ல? நடுவுக்குப் பக்கத்துல. இந்த போர்டு ஸ்லாட்டுல மேடு எங்க இருக்கு? தள்ளி ஓரமா. இது அடுத்த தலைமுறை. திருப்பிப் போட்டாலும் போகாது."

"அமுக்கினா?"

"அமுக்கினா உடையும்."

அவன் ஒரு காகிதத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தான். பிராசஸர் உட்காரும் இடம், ராமின் வெட்டு, டிஸ்க்கின் நாற்பது முள் வாய், பின்பக்கத்து இரண்டு வாய்கள், பெட்டியில் திருகு விழும் துளைகள். தொமாசா அந்தக் காகிதத்தைப் பாவாடைக்குள் தைத்த பையில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் எத்தனை சந்தை நாள் அலைந்தாள் என்று எனக்குக் கணக்கில்லை. பிப்ரவரி முழுக்க, மார்ச்சிலும். மழையில் நனைந்து, கால் சேறாகி, வெறுங்கையோடு திரும்புவாள். விற்கிறவர்கள் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கினார்கள். சும்மா எடுத்துப் பார்த்துவிட்டு, "வெட்டு தப்பு" என்று வைத்துவிட்டுப் போகிறவளை யாருக்குப் பிடிக்கும். இரேனியோ மட்டும், "வந்தா எடுத்து வைக்கிறேன்க்கா, ஓடாத" என்பான்.

வீட்டில் ஒவ்வொரு நாளும் சண்டை. உடுப்பு தைக்கக் கொடுத்த குழுக்காரர்கள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் போனதும் செனோன் தொடங்குவான்.

மார்ச் இரண்டாம் வாரம், ஒரு திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தின் பூட்டு அறுந்து கிடந்தது. பெற்றோர்கள் செங்கல் சுமந்து, சாப்பாடு விற்று, இரண்டு வருஷம் பாடுபட்டு வாங்கிப் போட்ட பதினெட்டு கம்ப்யூட்டர். பதினேழு போய்விட்டது. ஒன்றைத் தூக்க முடியாமல் வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பள்ளி மைதானத்தில் கூட்டம் கூடியது. அழுதவர்கள் உண்டு. ஆனால் அழுகை சீக்கிரம் வேறாகிவிட்டது.

கசாப்புக்கடைக்காரன் காஸ்தோ செனோனைப் பார்த்துக் கேட்டான்: "காவல் செயலாளரே, விசில் எங்க? தொண்டைக்குள்ள போயிருச்சா?"

"வண்டி ஓட்டிட்டு வந்து தூங்கினேன். எனக்கு மட்டுந்தான் காதிருக்கா?"

"பொண்டாட்டிய அடிக்க மட்டும் முழிச்சிருப்ப."

எல்லாரும் சிரித்தார்கள். செனோன் சிரிக்கவில்லை. அன்றைக்கே அவன் ஒரு பொம்மை கட்டினான். பழைய கால்சட்டையில் வைக்கோலைத் திணித்து, கழுத்தில் சுருக்குப் போட்டு, எங்கள் வாசலுக்கு எதிர்க் கம்பத்தில் தொங்கவிட்டான். 'பிடிபடும் திருடன் எரிக்கப்படுவான்' என்று அட்டை. எங்கள் பக்கத்தில் எல்லாத் தெருவிலும் அப்படித் தொங்கும். ஆனால் இந்த பொம்மையை அவன் இரண்டு முறை அவிழ்த்து, இன்னும் இறுக்கிக் கட்டினான்.

வியாழக்கிழமை, சந்தை நாளாயிருந்தும், காலை பதினோரு மணிக்கு இரேனியோ எங்கள் தெருவுக்கு வந்தான். கக்கத்தில் செய்தித்தாள் பொட்டலம்.

"தொமாசா அக்கா வீடு இதானே? கிடைச்சிருச்சு. ஒரு நோட்டரி ஆபீஸ்ல கழிச்சுக் கட்டின மெஷின். நானே மாட்டிக் குடுத்துட்டுப் போறேன், பிராசஸர் முள் வளைஞ்சா அப்புறம் அக்கா என்னத்தான் திட்டும்."

தொமாசா அவனை உட்காரவைத்து, முதலில் சூப் கொடுத்தாள். பனியில் உலர்த்திக் கறுத்த சுன்யோ உருளைக்கிழங்கும் முட்டையுமாக எனக்கும் ஒரு தட்டு வந்தது. சாப்பிட்டுக்கொண்டே பேசினான். பெண்டாட்டி சந்தையில் நூல் விற்கிறாள், மகள் பிறந்து நாலு மாசம், பல்லே இல்லாமல் கடிக்கிறாள் என்றான். பிறகு சட்டைக் கையை மடித்து வேலையில் இறங்கினான். தொமாசா குனிந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்குச் சற்று முன்னால் கம்ப்யூட்டர் கூவிக்கொண்டு எழுந்தது. பூட்டு திறந்தது. கேபிளில் சேதி போனது. எந்திரம் ஒரு குலுக்குக் குலுக்கி, சிவப்பு நூலில் ஒரு பாம்பின் நாக்கைத் தைக்கத் தொடங்கியது. தொமாசா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது ஜனவரிக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

ஆனால் ரொட்டி விற்கிற பசீலியா, தெரியாத ஆள் கம்ப்யூட்டர் சாமானைச் சுமந்துகொண்டு எங்கள் வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டிருந்தாள். பள்ளிக்கூடம் கொள்ளை போய் மூன்றே நாள். அவள் தெரு தெருவாகச் சொல்லிவிட்டாள். என் கடைக்கு வெளியே முதலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பிறகு நாற்பது. விசில் மேல் விசில். எங்கிருந்து அத்தனை விசில் வந்ததென்று தெரியவில்லை. நான் எழுந்து, "மாட்டிக் குடுக்க வந்த ஆளுய்யா" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை.

செனோனின் மினிபஸ் கூட்டத்துக்குள் வந்து நின்றது. அவன் இறங்கியதும் பசீலியா சொன்னாள்: "உன் வீட்டுக்குள்ளதான்யா வெச்சிருக்க திருடன. சோறு போட்டு."

காஸ்தோ வெட்டுக்கத்தியைக் கையோடு கொண்டுவந்திருந்தான். "வாங்கினவளும் திருடிதான். வெச்சிருக்கிற வீட்டுக்காரனும் திருடன்தான். மூணு பேரையும் வெளிய கொண்டாங்க."

செனோனின் முகத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. அவனுக்கு அந்த நிமிஷத்தில் என்ன தெரிந்ததோ எனக்கும் அதுதான் தெரிந்தது: யாரையாவது கட்டாமல் இந்தக் கூட்டம் போகாது. அவன் என் கடைத் தரையிலிருந்து நெம்புகோலை எடுத்தான். உள்ளே போனான்.

இரேனியோவின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். இழுபட்டவன் கையில் இன்னும் திருப்புளி இருந்தது.

"பதினேழும் எங்கடா?"

"அண்ணே, இது வேற. பழசு இது. கேளுங்க, ஒரு நிமிஷம் கேளுங்க."

முதல் அடி வாயில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு அவன் கையைக் குறுக்கே வைத்தான். எலும்பு முறிகிற சத்தம் எனக்குப் புதிதில்லை, சுரங்கத்தில் கேட்டிருக்கிறேன். மூன்றாவது கண்ணில். அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்தான். விரல் இடுக்கில் ரத்தம் வடிந்தது. அதற்குப் பிறகு எல்லாரும் அடித்தார்கள். நான் மரியாதை வைத்திருந்த கிழவர்கள் அடித்தார்கள். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் காலால் மிதித்தாள், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பொம்மையை அவிழ்த்துப் போட்டுவிட்டு அந்தக் கம்பத்திலேயே அவனைக் கட்டினார்கள்.

செனோன்தான் எல்லாரையும்விட அதிகமாக அடித்தான். அடிக்கிற ஒவ்வொரு தடவையும் திரும்பி, கூட்டம் பார்க்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

பிறகு காஸ்தோ என் கடைக்கு வந்தான். "லியோன்சியோ, ஒரு டயர் குடு."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. தெரியும். அவன் அடுக்கிலிருந்து ஒன்றை உருவப் போனான். நான் சொன்னேன்: "நல்லத எடுக்காத. அந்தப் பழச எடு."

இவ்வளவுதான் நான் சொன்னது. இதை எழுதுகிற கைக்கு இன்றைக்கும் அது கூசுகிறது. ஒரு மனிதனை எரிக்கக் கேட்டவனிடம் நான் என் சரக்கைப் பார்த்துக்கொண்டேன்.

டயரை இரேனியோவின் தலைவழியாக மாட்டித் தோளில் இறக்கினார்கள். யாரோ மினிபஸ்ஸிலிருந்து பெட்ரோல் உறிஞ்சி வந்து ஊற்றினார்கள். அவன் கத்துவதை நிறுத்திவிட்டான். உதடு மட்டும் அசைந்தது. மேற்கே வானம் கறுத்து வந்தது. ஆலங்கட்டி மழைக்கான குளிர் காற்று.

இவ்வளவு நேரமும் தொமாசாவைக் காணவில்லை. பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்திருப்பாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் உள்ளே, கதவு வழியாக எதிர்க் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே, போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஆறு திருகு, நாலு கேபிள். திருப்புளி இல்லாமல் கத்தரிக்கோல் முனையால் கழற்றியதாகப் பிறகு சொன்னாள். வெளியே வந்தபோது இரண்டு கையிலும் போர்டை ஏந்தியிருந்தாள், விரலெல்லாம் கீறி ரத்தம். நேராகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் இரேனியோவின் முன்னால் நின்றாள். அவ்வளவு ஒட்டி நின்றதால் அவன் மேல் வடிந்த பெட்ரோல் அவள் பாவாடையில் ஊறியது.

செனோனின் கையில் லைட்டர் இருந்தது. "உள்ள போடி."

"இது பள்ளிக்கூடத்துது இல்ல."

"உள்ள போன்னு சொன்னேன்." நெம்புகோலின் பின்பக்கத்தால் அவள் தாடையில் குத்தினான். அவள் கீழே விழுந்தாள். போர்டை மட்டும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். எழுந்து, வாயில் வந்ததைத் துப்பிவிட்டு, அவனிடம் பேசாமல் கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள்.

"திருடன் விட்டுட்டுப் போன ஒரு கம்ப்யூட்டர் பள்ளிக்கூடத்துல இருக்கில்ல? டீச்சரம்மா, அதுல இருக்கிற ராமை எடுத்துட்டு வாங்க. பதினெட்டும் ஒரே மாதிரி வாங்கினதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

தலைமையாசிரியை கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். அவளும் விசில் ஊதியவள்தான். "ஒரே மாதிரிதான்" என்றாள்.

"அப்ப எடுத்துட்டு வாங்க. அது இதுல போய் உக்காந்துச்சுன்னா இது நம்மளோடது. நான் திருடி. அந்த லைட்டர என் கையில குடுங்க, நானே பத்த வைக்கிறேன், என் மேலயும் சேத்து. உக்காரலைன்னா அவுத்து விடணும்."

"கதை சொல்லி நேரத்தை ஓட்டுறா" என்றாள் பசீலியா.

"ஓடிப் போய் ஓடி வந்தா அஞ்சு நிமிஷம். அஞ்சு நிமிஷத்துல எங்க ஓடிருவான்? கால் ரெண்டும் கட்டிருக்கு, ஒரு கண்ணு தொங்குது. எங்க ஓடுவான்?"

அதைக் கேட்டு ஒன்றிரண்டு பேர் தலையைக் குனிந்தார்கள். தலைமையாசிரியை ஓடினாள். அந்த ஐந்து நிமிஷமும் செனோன் லைட்டரை மூடினான், திறந்தான், மூடினான். நான் என் வாசலில், என் அடுக்கின் பக்கத்தில் நின்றேன்.

ராம் வந்தது. விரல் நீளத்துக்கு இருமடங்கு, பச்சை. தொமாசா அதைத் தன் கையால் தொடவில்லை. "நான் போட்டா ஏமாத்துறேன்னு சொல்லுவீங்க. காஸ்தோ அண்ணே, நீங்க போடுங்க."

காஸ்தோ கத்தியை இடுப்பில் செருகிவிட்டு வந்தான். ஸ்லாட்டில் வைத்தான். நிற்கவில்லை.

"திருப்பிப் போட்டுப் பாருங்க."

திருப்பிப் போட்டான். நிற்கவில்லை.

"வெட்டைப் பாருங்க எல்லாரும். இதுல வெட்டு ஓரமா இருக்கு. போர்டுல மேடு நடுவுல இருக்கு. இது வேற காலத்து ஜாதி. இதுக்கு அது பொறக்கவே இல்ல."

"அமுக்கணும்" என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான். "புதுசுன்னா இறுக்கமாத்தான் இருக்கும். அமுக்கு காஸ்தோ."

தொமாசாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அமுக்கினால் என்ன ஆகும் என்று அந்தத் தெருவில் தெரிந்தது மூன்று பேருக்கு: அவளுக்கு, எனக்கு, கம்பத்தில் கட்டியிருந்தவனுக்கு. இரேனியோ மீதியிருந்த கண்ணால் போர்டையே பார்த்தான். இரண்டு மாசம் சேற்றில் அலைந்து தேடியது. அறுபது பேர் உடுப்பு, வீட்டின் சோறு, எல்லாம் அதில்தான் இருந்தது.

"அமுக்குங்க" என்றாள் தொமாசா.

காஸ்தோ போர்டைத் தரையில் வைத்து, மாட்டுத்தொடையைப் பிளக்கிற இரண்டு கட்டைவிரலையும் வைத்து, உடம்பு பாரத்தைக் கொடுத்து அமுக்கினான். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். ஸ்லாட் நீளவாட்டில் பிளந்தது. போர்டின் குறுக்கே ஒரு கீறல் ஓடிப் பிராசஸர் வரைக்கும் போனது. ராமும் உடைந்து பாதி அவன் கையில் இருந்தது. போகவில்லை.

காஸ்தோ அந்தப் பாதித் துண்டை அப்படியும் இப்படியும் பார்த்தான். பிறகு, "இது நம்மளோடது இல்லப்பா" என்றான். அவன் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதில்லை.

 முதல் ஆலங்கட்டி என் தகரக்கூரையில் விழுந்தது, பிறகு ஒரே கொட்டு. கூட்டம் அதைச் சாக்காக வைத்துக் கலைந்தது. சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் போனார்கள். தொமாசா கயிற்றைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் என் கால் நகர்ந்தது. நான் போய் டயரைத் தூக்கி எடுத்தேன். இரேனியோ அவள் மேல் சாய்ந்து விழுந்தான். தெரு முழுக்க வெள்ளையாகியிருந்தது. அவன் விழுந்த இடம் மட்டும் சிவப்பு. செனோன் தன் மினிபஸ்ஸுக்குள் ஏறிக் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இரேனியோவை ஆம்புலன்ஸ் எடுத்துப்போன பிறகு, நாலு மணிக்குப் போலீஸ் வந்தது. யாரும் எதையும் பார்க்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். சாயங்காலமே வட்டாரக் கூட்டம் போட்டு, வாயைத் திறக்கிறவன் வீட்டு வாசலில் அடுத்த பொம்மை தொங்கும் என்று முடிவெடுத்தார்கள்.

அன்றைக்குச் சுவருக்கு அப்பால் செனோன் அழுதான். "நான் அடிக்கலைன்னா நம்மளக் கட்டிருப்பாங்க. உன்னக் காப்பாத்தத்தான் செஞ்சேன், தொமாசா."

"தெரியும்" என்றாள் அவள்.

"அப்புறம் ஏன் இப்படிப் பாக்குற?"

"பத்து அடி போதும்னா, நீ ஏன் முப்பது அடிச்ச?"

அன்றைக்கு அவன் அவளை அடிக்கவில்லை. அவள் இரண்டு நாள் அவனுக்குச் சமைத்தாள், துவைத்தாள், பேசவில்லை.

மூன்றாம் நாள் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். இரேனியோவுக்கு ஒரு கண் போய்விட்டது, விலா மூன்று, கை இரண்டு இடத்தில் முறிவு. அவன் பெண்டாட்டி நடைவழியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். தொமாசா நீட்டிய பையை அவள் வாங்கவில்லை.

"நீ குறுக்க வந்து நின்னதச் சொன்னாரு. சரி. உன்னால உசுரோட இருக்காரு. ஆனா அடிச்சவங்க யாருன்னு போலீஸ் கேக்கும்போது உங்க தெருவே குருடாப் போச்சாம். இவருக்கு மூஞ்சி ஒண்ணும் நெனப்பில்ல. பேரு சொல்லுறியா? பேரு சொல்லாம இந்தப் பழம் எனக்கெதுக்கு?"

தொமாசா பையைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள். திரும்பி வருகிற வழியெல்லாம் மினிபஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செனோனுக்கும் காஸ்தோவுக்கும் ஜெயில். பசீலியா ஊரைவிட்டுப் போனாள். எனக்கு வாரா வாரம் போய்க் கையெழுத்து, மூன்று வருஷம். எங்கள் வீட்டுக் கண்ணாடி ஒன்று விடாமல் கல்லெறிந்து உடைத்தார்கள். எம்பிராய்டரி எந்திரத்தின் தலையில் யாரோ கடப்பாரையை இறக்கினார்கள். தொமாசா கீழே லா பாஸில் ஒரு பட்டறையில் கூலிக்குத் தைக்கிறாள். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரை எடுத்தது யாரென்று இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மறுநாள் காலையில் அவள் என் அறைக்கு வந்தாள். புதுச் சால்வை போட்டிருந்தாள். தாடை இன்னும் வீங்கியிருந்தது.

"அண்ணே, வழக்கு எழுதுற அரசு வக்கீல் ஆபீஸ் ஒம்பது மணிக்குத் தொறக்கும். நான் போறேன். சொல்லிட்டுப் போகணும்னு தோணுச்சு."

"யாரு யாரு பேரு?"

"எல்லாரு பேரும். மொதல்ல செனோன்."

"என் பேரும் வருமா?"

"வரும்."

அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. ஒன்பது வருஷத்தில் எனக்கு எத்தனை தட்டுச் சோறு கொடுத்திருப்பாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் ரேடியோவைக் கூட்டி வைத்ததும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"செனோனுக்குத் தெரியுமா?"

"வண்டி எடுக்கும்போது சொன்னேன்.  சாவிய ரெண்டு தடவ கீழ போட்டான்."

நான் கையைக் கழுவினேன். கிரீஸ் போகவில்லை, மறுபடி கழுவினேன். ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு அவள் பின்னால் நடந்தேன். தலைக்குமேல் கம்பியில் ஓடுகிற கயிற்றுவண்டிக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த வருஷம் அது; பாதி ரோடு தோண்டிக் கிடந்தது. ரொட்டிக் கூடைக்குப் பின்னாலிருந்து பசீலியா எங்களைப் பார்த்தாள். தொமாசா அவளுக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அந்த ஆபீஸில் வெளியே ஒரு பெஞ்சு. கதவு சாத்தவில்லை. உள்ளே ஒரு இளைஞன் தட்டச்சு செய்தான்.

"முதல்ல அடிச்சது யாரு?"

"செனோன் திக்கோனா."

"உங்களுக்கு என்ன வேணும் அவரு?"

"புருஷன்."

தட்டச்சு நின்றது. "அம்மா, நீங்க புருஷனுக்கு எதிராச் சாட்சி சொல்லணும்னு கட்டாயமில்ல. வேணாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு."

"இருக்கட்டும். எழுதுங்க."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். காஸ்தோ, பசீலியா, தலைமையாசிரியை, இரண்டு கிழவர்கள், முதுகில் குழந்தை கட்டியிருந்தவள். ஒவ்வொருத்தர் என்ன செய்தார்கள் என்று கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அவள் பார்க்காததைச் சொல்லவில்லை. நடுவில் ஒரு தடவை தண்ணீர் கேட்டாள்.

"டயர் எங்கிருந்து வந்துச்சு?"

"அந்த நேரம் நான் உள்ள இருந்தேன். நான் பாக்கல. பஞ்சர் கடைக்காரரு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காரு. அவரே சொல்லுவாரு."

நான் எழுந்து உள்ளே போனேன்.